வெட்டவும் ஒட்டவும் ஒரே சொல்

ஜனவரியில் பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மங்களூர்க்காரர்கள், பெண் எங்கள் சொந்தம். இரண்டு பக்கத்துக்கும் புரிய வேண்டும் என்று வேத வசனங்களை முதலில் ஆங்கிலத்திலும் அப்புறம் தமிழிலும் வாசித்தார்கள். ஆங்கிலத்தில் வாசித்த பெரியவர் கையில் இருந்தது பழைய மொழிபெயர்ப்பு. ஆண் தன் தகப்பனையும் தாயையும் விட்டுவிட்டு என்று தொடங்கும் வசனம். மனைவி என்ற சொல் வரும் இடத்துக்குச் சற்று முன்னால் 'கிளீவ்' என்று ஒரு வினைச்சொல் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் மகள் என் காதருகே குனிந்தாள். "அத்தை, கிளீவ்னா வெட்டறதுதானே? கல்யாணத்துல போய் இதை ஏன் படிக்கிறாங்க?"

சில நிமிடம் கழித்து அதே வசனம் தமிழில் வந்தது: 'தன் மனைவியோடே இசைந்திருப்பான்.' அவள் மறுபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே வசனம், ஒரு மொழியில் வெட்டு, இன்னொரு மொழியில் இசைவு. சாப்பாட்டுப் பந்தியில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை முழுதாகச் சொல்லும் முயற்சி இது.

அவள் கேட்டதில் தவறே இல்லை. பெங்களூருவில் ஒரு உயிரியல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி அவள். நொதி புரதத்தை வெட்டுகிறது, நொதி டிஎன்ஏவை வெட்டுகிறது என்று தினமும் எழுதுகிறாள். அங்கெல்லாம் எழுதும் வினைச்சொல் கிளீவ்தான். கொரோனா காலத்தில் அந்தக் கிருமியின் முள்புரதத்தில் ஃபியூரின் என்ற நொதி வெட்டும் இடம் ஒன்று இருக்கிறது என்று செய்திகளில் படித்திருப்போம். அங்கேயும் இதே சொல். ஆனால் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தால் இந்தச் சொல் காதில் விழுவதே அபூர்வம். கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் யாரும் பேசுவதில்லை. பழைய வேதாகமத்திலும், வைரம் அறுப்பவர்களிடமும், பாறையைப் படிப்பவர்களிடமும், கவிதையிலும் ஒதுங்கி வாழ்கிற சொல் அது. அகராதியைப் புரட்டினால் முதல் பொருள் பிளத்தல், இரண்டாம் பொருள் விடாமல் ஒட்டியிருத்தல். ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

ஒரே சொல் எப்படி இப்படி இரண்டாகப் பேசும் என்று பலரும் வியந்து எழுதுகிறார்கள். எனக்கு அந்த வியப்பு அரைப் பங்கு உண்மையாகத்தான் படுகிறது. காரணம், இது ஒரு சொல்லே அல்ல. இரண்டு தாய்களுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள், காலப்போக்கில் ஒரே முகச்சாயலுக்கு வந்துவிட்டார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பிளப்பதற்கு 'கிளியோஃபன்' என்று ஒரு வினை இருந்தது. ஒட்டுவதற்கு 'கிளிஃபியன்' என்று வேறொரு வினை. முதலாவது, செதுக்குதல், தோலுரித்தல் என்ற பொருளுள்ள மிகப் பழைய வேரிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் செதுக்குவதைக் குறிக்கும் சொல்லும் அதே குடும்பம்; எகிப்தியரின் சித்திர எழுத்தை 'ஹைரோகிளிஃப்' என்கிறோமே, அதன் பின்பாதி அந்தக் கிரேக்கச் சொல்தான். இரண்டாவது வேறு குடும்பம். பிசுபிசுப்பு, களிமண், ஒட்டுதல் என்று போகிற வேர் அது. களிமண்ணைக் குறிக்கும் 'கிளே' அதற்கு உறவு. ஜெர்மன் மொழியில் இந்த இரண்டும் இன்றுவரை கலக்கவில்லை: பிளப்பது 'கிளீபன்', ஒட்டுவது 'கிளேபன்'. ஒரு உயிரெழுத்து வேலியாக நின்று காப்பாற்றிவிட்டது. ஆங்கிலத்தில் இடைக்காலத்தில் ஒலிகள் மாறி மாறி அந்த வேலி விழுந்தது. இரண்டு வினைக்கும் ஒரே உச்சரிப்பு, ஒரே எழுத்து.

கொஞ்ச காலம் இறந்தகால வடிவங்கள் காப்பாற்றின. பிளந்தான் என்பதற்கு 'கிளோவ்', 'கிளெஃப்ட்' என்றெல்லாம் வடிவங்கள். பிளவுண்ட என்பதற்கு 'கிளோவன்'. ஒட்டினான் என்பதற்கு 'கிளீவ்ட்'. நமக்கு இது பழகிய சங்கதி. அடை என்று மட்டும் எழுதினால் போய்ச் சேர்வதா, மூடுவதா தெரியாது. அடைந்தான் என்றால் சேர்ந்தான், அடைத்தான் என்றால் மூடினான். காலம் காட்டும் எழுத்து வந்ததும் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த எழுத்தே கலங்கிப்போனது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்தைப் பாருங்கள். ஆபிரகாம் பலிக்காகக் கட்டைகளைப் பிளக்கும் இடத்தில் 'கிளேவ்' என்று இறந்தகால வடிவம். ரூத் தன் மாமியாரை விடாமல் பற்றிக்கொள்ளும் இடத்திலும் அதே 'கிளேவ்'. ஒரே நூல், ஒரே எழுத்து, ஒரு இடத்தில் கோடாலி, இன்னொரு இடத்தில் அணைப்பு.

ஆங்கிலத்தில் எதிரெதிர்ப் பொருள் தரும் சொற்கள் வேறும் உண்டு. வங்கியில் கடன் 'சாங்ஷன்' ஆனால் அனுமதி. ஒரு நாட்டின் மேல் 'சாங்ஷன்' போட்டால் தடை. ஆனால் அது ஒரே சொல் இரண்டு கிளை விட்ட கதை. சட்டத்தால் உறுதிப்படுத்துவது என்ற ஒரு பொருளிலிருந்துதான் இரண்டும் பிரிந்தன. கிளீவ் அப்படி இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுகிற விளக்கங்கள் எனக்குப் போதவில்லை.

தமிழிலும் இரண்டு தாய்ச் சொற்கள் உண்டு. கலை வளர்ப்பது ஒன்று, கூட்டம் கலைவது வேறு. ஆனால் நம்மை இன்னும் நெருக்கமாகத் தொடுவது வேறொரு ஜோடி. இரண்டு ஊர்க்காரர்கள் கலந்தார்கள், இரண்டு ஊர்க்காரர்கள் கலைந்தார்கள். ஒரே ஒரு ஐகாரம்தான் நடுவில். ஜெர்மன்காரர்களுக்கு உயிரெழுத்து வேலியாக நின்றதுபோல நமக்கு அந்த ஐகாரம் நிற்கிறது. அது தேய்ந்துபோயிருந்தால் நம் பிள்ளைகளும் கல்யாண வீட்டில் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

சரி, ஆங்கில வாக்கியத்தில் எந்தக் கிளீவ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு நம் வேற்றுமை உருபுகளே போதும். பிளக்கிற கிளீவ் நேராகத் தன் செயப்படுபொருளைப் பிடிக்கும்: மரத்தை, பாறையை, புரதத்தை. நம் இரண்டாம் வேற்றுமை. ஒட்டுகிற கிளீவ் அப்படி நேராகப் போகாது. நடுவில் 'டு' அல்லது பழைய 'அன்டு' என்ற சின்னச் சொல்லைக் கட்டாயம் வைத்துக்கொள்ளும்: மனைவியோடு, கொள்கையோடு, மேல்வாயோடு. நம் 'ஓடு' உருபு இருக்கும் இடம். அந்தச் சின்னச் சொல் இருந்தால் பசை, இல்லாவிட்டால் கத்தி. கல்யாணத்தில் பெரியவர் 'அன்டு' என்பதையும் சேர்த்துத்தான் வாசித்தார். ஆய்வகத்தில் அந்தச் சொல்லே வராததால் என் அண்ணன் மகளின் காது அதைத் தவறவிட்டது.

இனிப் பிளக்கும் கிளீவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இதில்தான் விஷயம் அதிகம்.

கிளீவ் என்றால் வெட்டு என்று சொல்லிவிட்டால் பாதிதான் சரி. வெட்டு என்பது எந்தத் திசையிலும் விழலாம். கிளீவ் என்பது பொருளுக்குள் ஏற்கெனவே இருக்கிற ஒரு கோட்டைக் கண்டுபிடித்து அதன் வழியாகத் திறப்பது. தமிழில் அதற்குப் பிள என்ற சொல் அப்படியே பொருந்துகிறது. வாழைக்காயை வெட்டுகிறோம், விறகைப் பிளக்கிறோம். விறகு பிளக்கிறவர் கட்டையை நிறுத்திவைத்து, நார் ஓடும் போக்கைப் பார்த்து, அதன் தலையில் கோடாலியைப் போடுவார். குறுக்கே போட்டால் கோடாலிதான் திரும்பி வரும். மூங்கிலை நெடுக்காக வகுந்து எடுக்கும் சிம்புக்குப் பிளாச்சு என்று பெயர். பிள என்பதிலிருந்து பிறந்த பெயர் அது. பெரிய மரமாக இருந்தால் ஒரே அடியில் முடியாது. பாதி பிளந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க ஆப்பு வைத்து, மறுநாள் வந்து தொடர்வார்கள். ஆப்பசைத்த குரங்கு மாட்டிக்கொண்டது அப்படி ஒரு பாதிப் பிளவில்தான். பிளவுண்ட கம்பின் நடுவில் மாட்டிக்கொண்ட நிலை என்று ஆங்கிலத்திலும் ஒரு பழைய வழக்கு உண்டு. எந்தப் பக்கம் அசைந்தாலும் நசுங்கும் நிலையை அப்படிச் சொல்வார்கள். நாம் இருதலைக் கொள்ளி எறும்பு என்போம்.

பிளத்தல் என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க பெங்களூருவை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். இந்த ஊர் உட்கார்ந்திருப்பதே பாறை மேல். லால்பாக்கில் கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். புவியியல் துறை அதைத் தேசியச் சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறது. 1956இல் கட்டி முடிக்கப்பட்ட விதான சௌதாவுக்கும் சுற்றுவட்டாரக் கருங்கல்தான். பழைய வீடுகளின் சுற்றுச்சுவர், தோட்டத்து வேலி, சாக்கடை மூடி என்று எங்கே பார்த்தாலும் ஆள் உயரத்துக்குப் பலகை பலகையாக நிற்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். கன்னடத்தில் அதைச் சப்படி கல்லு என்பார்கள். அவ்வளவு நீளக் கல்லை இவ்வளவு மெல்லியதாக ரம்பம் கொண்டு அறுக்கவில்லை. பிளந்தார்கள்.

அதிலும் பெங்களூருவுக்கென்றே ஒரு முறை பேர்பெற்றிருந்தது. 1911இல் வெளிவந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் கல்லுடைப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அதை விவரிக்கிறது. வெடி இல்லை. பாறையின் மேல் விறகை ஒரு வரிசையாக அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் மேல்தோல் விரியும், அடிப்பாறை குளிர்ந்தே இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். ஒலி மாறினால் மேலடுக்கு அடியிலிருந்து கழன்றுவிட்டது என்று அர்த்தம். உடனே தீயைச் சில அங்குலம் முன்னால் தள்ளுவார்கள். மறுபடி தட்டிப் பார்ப்பது, மறுபடி தள்ளுவது. இப்படி நெருப்பு நகர நகர, அரையடிக்கும் குறைவான கனத்தில் ஒரு பெரிய கல் பாய் பாறையிலிருந்து உரிந்து வரும். அதன் பிறகு உளியால் வரிசையாகக் குழி வெட்டி, வேண்டிய அகலத்துக்குப் பலகைகளாகப் பிரிப்பார்கள். பிளத்தலும் தோலுரித்தலும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று மேலே சொன்னேனே, அந்தப் பாறையின் மேல் இரண்டும் ஒரே வேலையாக நடந்திருக்கிறது. அதைச் செய்தவர்களின் காதை நினைத்துப் பார்க்கிறேன். கல்லின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் பிளவை ஒலியால் பின்தொடர்ந்த காது.

கனிமங்களுக்கும் இந்தக் குணம் உண்டு. ஒரு கனிமம் எந்தத் தளத்தில் எளிதாகப் பிளக்கும் என்பதற்குப் புவியியலில் இதே வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்தான் கலைச்சொல். அப்ரகம் ஒரே திசையில் ஏடு ஏடாகப் பிரியும். படிகக்கல்லுக்கு அப்படி ஒரு தளமே கிடையாது. அடித்தால் கண்ணாடி போல வளைந்து சிதறும். வைரத்துக்கு நான்கு திசைகள். உலகத்திலேயே கடினமான இயற்கைப் பொருளுக்கு அந்த நான்கு திசைகளில் மட்டும் ஒரு பலவீனம். அதைத் தெரிந்தவர் கையில் ஒரு சின்ன அடி போதும்.

1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 காரட். அறுநூறு கிராமுக்கும் மேலே. பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் என்பவர் அதைப் பிளக்கும் பொறுப்பை ஏற்றார். நாட்கணக்கில் கல்லைப் பார்த்துப் பார்த்து, முதலில் ஒரு சிறு பள்ளம் கீறிவைத்து, 1908 பிப்ரவரியில் அதில் எஃகுத் தகட்டை வைத்து அடித்தார். முதல் முறை உடைந்தது தகடுதான், வைரம் அல்ல. அடுத்த முறை வைரம் பிளந்தது. கடைசியில் அதிலிருந்து ஒன்பது பெரிய கற்களும் 96 சிறிய கற்களும் வந்தன. பெரியது 530 காரட். ஆஷர் செய்ததை வெட்டினார் என்று எழுதுவதற்கும் பிளந்தார் என்று எழுதுவதற்கும் உள்ள தூரம்தான் இந்தச் சொல்லின் உயிர்.

இதனால்தான் ஒத்த சொற்களின் பட்டியலைப் பார்க்கும்போது எனக்குக் கவலை வருகிறது. கிளீவ் என்று தேடினால் ஸ்ப்ளிட், செவர், ரெண்ட், சண்டர், ஹ்யூ என்று வரிசையாகக் கொட்டுகிறது. மாணவர்கள் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிறார்கள். ஸ்ப்ளிட் பரவாயில்லை. அது அன்றாடப் பிளத்தல்; தலைவலியால் மண்டை பிளக்கலாம், காதைப் பிளக்கிற சத்தம் வரலாம், ஹோட்டல் பில்லைக்கூடப் பிளந்துகொள்ளலாம். அங்கெல்லாம் கிளீவ் வராது. செவர் என்பது துண்டித்தல்: கை போய்விட்டது, தொடர்பு அறுந்துவிட்டது, இருந்த ஒன்று குறுக்கே அறுபடுவது. நார்ப்போக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரெண்ட் என்றால் கிழித்தல். துணியையும் நெஞ்சையும் ஆவேசத்தோடு கிழிப்பது; விறகை யாரும் அப்படிச் செய்வதில்லை. சண்டர் சேர்ந்திருந்தவர்களைப் பிரிப்பது, பெரும்பாலும் கவிதையில். ஹ்யூ கோடாலியால் கொத்திக் கொத்தி உருவாக்குவது.

கப்பல் கடலைக் 'கிளீவ்' செய்து போகும், பறவை காற்றைக் 'கிளீவ்' செய்யும் என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். இங்கே மட்டும் தமிழில் பிள வேண்டாம். அலையைக் கிழித்துக்கொண்டு என்றுதான் நாம் சொல்வோம். தண்ணீருக்குள் நார் கிடையாது, உள்ளே கோடு கிடையாது. கிழித்த இடம் அடுத்த நொடியே மூடிக்கொள்ளும். அவ்வையின் மூதுரையில் சினத்தைப் பற்றிய பாட்டு ஒன்று எனக்கு எப்போதும் இந்த இடத்தில் வந்து நிற்கும். கயவர் சினத்தால் பிரிந்தால் கற்பிளவு, திரும்பச் சேராது. அடுத்த படியினர் பிரிந்தால் பொற்பிளவு, உருக்கிச் சேர்க்கலாம். சான்றோர் சினம் நீர் கிழிய எய்த அம்பின் வடு, உடனே மறையும். கல்லுக்கும் பொன்னுக்கும் பிளவு என்றவர் நீருக்கு வந்ததும் கிழிய என்று வினையை மாற்றிக்கொண்டார். ஒத்த சொற்களை எப்படிக் கையாள்வது என்று மாணவர்களுக்குக் காட்ட நான் அந்த நான்கு அடிகளைத்தான் எடுப்பேன்.

பிளக்கும் கிளீவ் விட்டுச் சென்ற சில்லறைகளும் உண்டு. பிறவியில் வரும் அண்ணப் பிளவுக்கும் உதட்டுப் பிளவுக்கும் 'கிளெஃப்ட்' என்பார்கள். ஆட்டின் குளம்புக்கு 'கிளோவன்' என்பார்கள். இரண்டும் பிளவுண்ட என்பதுதான், ஆனால் இடம் மாற்றிச் சொன்னால் ஆங்கிலம் பேசுகிறவர் முகம் சுளிப்பார். தமிழ் வேதாகமம் அந்தக் குளம்புக்கு விரிகுளம்பு என்று வைத்திருக்கிறது. பிளந்தது என்றால் காயம் போல இருக்கும், விரிந்தது என்றால் அதன் இயல்பு. ரசித்து எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் சமையலறை. ஆங்கிலச் சமையல் குறிப்பில் பூண்டுப் பல்லுக்கு 'கிளோவ்', கிராம்புக்கும் 'கிளோவ்'. பூண்டின் கிளோவ் நம் பிளத்தல் குடும்பம். ஒரு பூண்டு தன் கோடுகளில் தானே பிரிந்து நிற்கிறதல்லவா. கிராம்பின் கிளோவ் வேறு. பிரெஞ்சில் ஆணி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, அதன் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். இங்கேயும் இரண்டு தாய், ஒரே முகம். புதிதாகச் சமைக்கிற பிள்ளைகள் குறிப்பில் பூண்டு என்ற சொல் இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ளட்டும்.

ஒட்டும் கிளீவுக்கு வருவோம். இது எண்ணிக்கையில் சிறிய குடும்பம், ஆழத்தில் அப்படி இல்லை. ஆங்கில வேதாகமத்தில் இந்தச் சொல் வரும் மூன்று இடங்களைத் தமிழோடு வைத்துப் பார்த்தால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று தெரியும். கணவன் மனைவியோடு 'இசைந்திருப்பான்'. ரூத் மாமியை விடாமல் 'பற்றிக்கொண்டாள்'. சங்கீதத்தில் எருசலேமை மறந்தால் என் நாவு மேல்வாயோடு 'ஒட்டிக்கொள்வதாக'. ஆங்கிலத்தில் மூன்றும் கிளீவ். மூலமான எபிரேயத்திலும் மூன்றும் ஒரே வினைதான், தாவாக். இன்றைய எபிரேயத்தில் பசைக்கு தேவெக் என்று பெயர், அதே வேர். எபிரேயமும் ஆங்கிலமும் ஒரு பசையால் மூன்றையும் ஒட்டின. தமிழ் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தது. நாவு ஒட்டுவது உடலின் செயல். நாக்கு வறண்டு மேல ஒட்டிக்கிச்சு என்று வெயில் காலத்தில் நாமே சொல்கிறோம். ரூத் பற்றிக்கொள்வது மனத்தின் தீர்மானம். விதவையான மருமகள் தன் ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று மாமியாரே அனுமதித்த பின்பும் போகாமல் நிற்கிறாள். தம்பதி இசைவது இரண்டு பேர் செய்ய வேண்டிய காரியம். ஒருவர் மட்டும் ஒட்டினால் அதற்கு இசைவு என்று பெயரில்லை. கல்யாணத்தில் கேட்ட தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லை விட ஒரு படி மேலே போய்விட்டது என்று நான் நம்புகிறேன்.

இந்தக் கிளீவுக்கு ஒத்த சொற்களாக ஸ்டிக், கிளிங், அட்ஹியர் மூன்றையும் சொல்வார்கள். ஸ்டிக் என்பது வெறும் ஒட்டல். கிளிங்கில் ஒரு பயம் இருக்கிறது. விட்டால் விழுந்துவிடுவோம் என்று பிடிப்பது, குழந்தை இடுப்பைக் கட்டிக்கொள்வது போல. அட்ஹியர் விதிக்கும் பசைக்கும் உரியது, அதில் சூடு இல்லை. கிளீவில் இருப்பது விசுவாசம். போக வழி இருந்தும் போகாமல் இருப்பது. அதனால்தான் அது உறுதிமொழிகளிலும் பழைய வசனங்களிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஒரு செடியும் மிஞ்சியிருக்கிறது. இங்கிலாந்தில் வேலியோரம் படர்ந்து, நடந்து போகிறவர்களின் துணியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு களைக்கு 'கிளீவர்ஸ்' என்று பெயர். கறிக்கடையில் எலும்பு உடைக்கும் அகலக் கத்திக்கு 'கிளீவர்'. கத்தி பிளக்கும் குடும்பம், செடி ஒட்டும் குடும்பம். நம் பக்கம் அந்த வேலையை நாயுருவி செய்கிறது. கன்னடத்தில் ஒட்டுவதற்கும் கோந்துக்கும் அண்ட்டு என்பார்கள். அல்சூர் கடையில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அண்டி வாழ்வது என்ற நம் சொல் எனக்கு நினைவுக்கு வரும். பழைய தமிழோ பகைவனுக்குப் பெயர் வைக்கும்போது ஒட்டார், பொருந்தார், கூடார் என்றது. சேராதவன் என்றாலே பகைவன்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, நம்ம லேபில ரெண்டு கிளீவும் சேர்ந்தே நடக்குது" என்றாள். டிஎன்ஏவை வெட்டும் ஈகோ ஆர் ஒன் என்ற நொதி கண்ட இடத்தில் வெட்டாது. ஆறு எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு வரிசையைத் தேடிப் பிடித்து அங்கேதான் வெட்டும். நேராகவும் வெட்டாது. ஒரு இழையில் ஓரிடம், எதிர் இழையில் சற்றுத் தள்ளி இன்னோரிடம். அதனால் வெட்டுப்பட்ட இரண்டு முனைகளிலும் நான்கு எழுத்துகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதியால் வெட்டிய வேறொரு முனையைக் கண்டால் போய்ப் பொருந்திக்கொள்ளும். ஒட்டும் முனைகள் என்றே அவற்றுக்குப் பெயர்.

அவள் அழைத்தது அதற்காக மட்டும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ரத்தம் எப்படி உறைகிறது என்று தமிழில் பேச வேண்டும். நம் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் எப்போதும் கரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. காயம் பட்டால் த்ராம்பின் என்ற நொதி வந்து அந்தப் புரத இழைகளின் நுனியிலிருந்து சின்னத் துண்டுகளை எடுத்துவிடுகிறது. அந்தத் துண்டுகள் மறைத்துவைத்திருந்த இடங்கள் வெளியே தெரிந்ததும் ஒரு புரதம் இன்னொன்றோடு ஒட்டி, அது அடுத்ததோடு ஒட்டி, வலையாகி ரத்தத்தை நிறுத்துகிறது. காயம் ஆறிய பின் பிளாஸ்மின் என்ற இன்னொரு நொதி வந்து அந்த வலையைத் துண்டு துண்டாக அறுத்துக் கரைக்கும்.

"இதுல த்ராம்பின் செய்யறதுக்கு என்ன போடட்டும்? வெட்டுகிறதா, பிளக்கிறதா?"

வெட்டினால் பிள்ளைகள் புரதமே இரண்டாகிவிட்டது என்று நினைப்பார்கள். பிளந்தால் நெடுக்காக வகுந்ததுபோல ஆகிவிடும். துண்டிப்பது பிளாஸ்மினுக்குச் சரி, இதற்கு இல்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கையைப் பார்த்ததும் சொல் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். அவள் பலகையில் நீளமாக ஒரு கோடு வரைந்து, அதன் நுனியில் விரலை வைத்துப் பிள்ளைகளிடம் சொன்னாள்: "த்ராம்பின் இந்த நுனியைக் கிள்ளி எடுக்குது. கிள்ளின உடனே பக்கத்துல இருக்கிறதோட போய் ஒட்டிக்குது."